அப்பா பெயரில் வந்த இரண்டாயிரம்

அப்பா 2021 ஜூனில் இறந்துபோனார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவருடைய பட்டன் போனில் ஒரு மெசேஜ் வந்தது. விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் பி.எம். கிசான் பணம் இரண்டாயிரம் ஏறியிருந்தது. அம்மா அந்தப் போனை அணையவே விடவில்லை. தினமும் சார்ஜ் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "உங்கப்பாவுக்குப் பணம் வந்திருக்குடா" என்று எனக்குப் போன் செய்தார். ஏ.டி.எம். கார்டும் அதன் நம்பரும் அம்மாவிடம் இருந்ததால் எடுத்தோம். 2022 ஜனவரி 1-ஆம் தேதி மறுபடியும் வந்தது, எடுத்தோம். மே 31-இல் வந்ததையும் எடுத்தோம். ஆக ஆறாயிரம் ரூபாய். அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது ஒரு பஸ் சார்ஜாவது மிச்சமாகட்டும்.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட செம்மண் பூமி. எங்களுக்கு இரண்டு காணி கொல்லை. ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். பாதி முந்திரி, மீதியில் மல்லாட்டை (நிலக்கடலை), மழை ஏமாற்றினால் உளுந்து. நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்துவிட்டுத் திரும்புகிற ஆள். ஆபீஸ்கள் திறந்திருக்கும் நாளில் நான் ஊரில் இருப்பதில்லை என்பதே முதல் சிக்கல்.

2019 பிப்ரவரியில் இந்தத் திட்டம் வந்தபோது அப்பா எந்தச் சிரமமும் படவில்லை. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீசில் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்தார், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஆறாயிரம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம். முதலில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள், சில மாதங்களில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

பிறகு 2020 வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மறக்காது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று வரிசையாகச் செய்தி. நிலமே இல்லாதவர்கள் பெயரெல்லாம் கிசான் பட்டியலில் ஏறியிருந்தது. தமிழ்நாட்டில் சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது, சஸ்பெண்ட் எல்லாம் நடந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு தையல்காரர் மாட்டினார். "கொரோனா நிவாரணம் வாங்கித் தர்றேன், ஆதார் கொடுங்க" என்று ஒருவன் வந்து வாங்கிப் போயிருக்கிறான். நாலாயிரம் ஏறியது, அதில் கமிஷனை அவன் எடுத்துக்கொண்டான். ஆள் தேடி வந்தபோது முழு நாலாயிரத்தையும் தையல்காரர்தான் கட்டினார். எங்கள் வீட்டுக்கும் வந்து பட்டாவைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். திருட்டுப் பட்டியலைப் போட்டவனுக்கு அதிகாரியின் பாஸ்வேர்டு கிடைத்தது. நிஜ விவசாயிக்கு அன்று தொடங்கிய சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை. கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பை எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் வரத்தான் செய்கிறது, ஆனால் அந்தத் தையல்காரர் முகம் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் அடங்கிவிடும்.

2022 அக்டோபர் தவணை அப்பா கணக்கில் வரவில்லை. நில விவரத்தை ஒவ்வொருவர் பெயரோடும் பொருத்திப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பா இறந்தது அப்போதுதான் அவர்கள் பதிவேட்டுக்குப் போயிருக்கிறது. வேளாண் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு ஆள் வந்தது. இறந்தவர் பெயரில் எடுத்த ஆறாயிரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அம்மா அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, "நாம திருடிட்டமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சொன்ன கணக்கில் கட்டினோம். கட்டிய சலானை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்தேன். அது நல்லதாகப் போயிற்று. அடுத்த வருடம் வேறொரு அலுவலர் மாறி வந்து அதே ஆறாயிரத்தை மறுபடி கேட்டார். முத்திரை போட்ட தாளை நீட்டியதும் பேச்சு முடிந்தது. வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடிந்த கையோடு மூன்று இடத்தில் சொல்லிவிடுங்கள்: வி.ஏ.ஓ., வேளாண் அலுவலகம், வங்கி. அந்த நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது. எங்களுக்கும் தோன்றவில்லை.

இனி அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். இந்தத் திட்டத்தில் பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது. அம்மா புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு நிலம் அம்மா பெயரில் இருக்க வேண்டும். எங்கள் பட்டாவோ கூட்டுப் பட்டா, அப்பாவும் பெரியப்பாவும். முதலில் இறப்புச் சான்று, அதை வைத்து வாரிசுச் சான்று. அம்மா, அக்கா, நான் என மூன்று பெயர். அது வந்த பிறகு பட்டா மாறுதல். இ-சேவை மையத்தில் கட்டணம் அறுபது ரூபாய்தான். "அஞ்சாயிரம் குடுங்க, ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்" என்று ஒரு ஆள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தார். பெரியப்பா அவரிடம் கொடுத்துவிடலாம் என்றே சொன்னார். நான் அறுபது ரூபாயோடு போனேன். ஐந்து மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதத்தில் மூன்று மாதத்தைத் தின்றது ஒரே ஒரு எழுத்து. எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது எழுதியவர் தாத்தா பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். அப்பாவின் இறப்புச் சான்றில் தாத்தா பெயர் முழுசாக இருக்கிறது, பட்டாவில் குறைகிறது. "தந்தை பெயர் பொருந்தவில்லை" என்று முதல் மனு தள்ளுபடி. அதுவும் மெசேஜாகத்தான் வந்தது. எந்த எண்ணுக்கு? அப்பாவின் பட்டன் போனுக்கு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, ஏதோ ரீசார்ஜ் விளம்பரம் என்று விட்டுவிட்டார். நான் பொங்கலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். பிறகு இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி, தாத்தா பெயர் சரியாக இருக்கும் பழைய கிரையப் பத்திர நகலையும் சேர்த்து மறுபடி போட்டோம். மனு போடும்போது இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவரின் எண்ணைக் கொடுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நான் கொடுத்த விலை மூன்று மாதம்.

இன்னொன்று. தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் உங்கள் பட்டாவை நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதில் இருக்கும் பெயரையும் ஆதாரில் இருக்கும் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். அவர் இருந்தால் ஒரு கையெழுத்தில் முடியும். அவர் போன பிறகு, அவர்தான் அவர் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

பட்டாவில் எங்கள் மூன்று பேர் பெயரும் ஏறிய அன்று தெருவில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். "புள்ள சம்பளம் வாங்குறான், உனக்கு வராது" என்றார் ஒருவர். அப்படி இல்லை. இந்தத் திட்டத்துக்குக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். வருமான வரி கட்டுவதால் எனக்குக் கிடையாது. வயது வந்த பிள்ளை என்பதால் என் சம்பளம் அம்மாவைப் பாதிக்காது. அக்கா வீட்டில் மாமா ஏற்கெனவே வாங்குகிறார், அதனால் அக்கா தனியாகக் கேட்க முடியாது. அம்மாவுக்கு மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வந்திருந்தால் சிக்கல். அப்படி எதுவும் இல்லை. மேலத்தெரு அண்ணன் ஒருவருக்கு மட்டும் நிஜமாகவே கிடைக்கவில்லை. அவர் அப்பா உயிரோடு இருக்கும்போதே 2020-இல் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு, சாவால் வந்த வாரிசுரிமை தவிர, பணம் கிடையாது. "எங்கப்பா செத்திருந்தா குடுப்பீங்களா?" என்று அவர் ஆபீசில் சத்தம் போட்டது ஊர் முழுக்கத் தெரியும். விதி அதைத்தான் சொல்கிறது, அவர் கேட்டதிலும் தப்பில்லை.

2024 பிப்ரவரியில் அம்மா பெயரைப் பதிந்தோம். அடுத்தது இ-கே.ஒய்.சி. பொது சேவை மையத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள். வலது கட்டைவிரல் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், இடது கை, துடைத்துவிட்டு மறுபடி கட்டைவிரல். எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்குத்தான். அந்தப் பையன் கொஞ்சம் எரிச்சலோடு, "என்னம்மா, விரல்ல ரேகையே இல்ல?" என்றான்.

எப்படி இருக்கும்? அம்மா இருபத்தைந்து வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். கொல்லை வேலை இல்லாத நாளெல்லாம் கூலிக்கு உடைப்பதுதான். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் பட்டுவிடும். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு விரல் நுனி வழவழவென்று கறுப்பாக இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விவசாயிதானா என்று கண்டுபிடிக்க வைத்த மெஷின், வேலை செய்து தேய்ந்த கையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஓ.டி.பி. வழியாகச் செய்யலாம் என்றால், அம்மாவின் ஆதாரில் இருக்கும் எண் அப்பாவின் எண். அம்மா சார்ஜ் போட்டாரே தவிர ரீசார்ஜ் போட மறந்து, அதற்குள் அந்த எண் செத்துவிட்டிருந்தது. கடைசியில் வழி காட்டியது எங்கள் ஊர் உதவி வேளாண் அலுவலர். நல்ல பிள்ளை. கிசான் செயலியிலேயே முகத்தைக் காட்டி முடிக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், அம்மாவை வாசல் திண்ணையில் உட்காரவைத்து என் போனை நீட்டினேன். முதல் முறை அம்மா போட்டோவுக்கு நிற்பது போல மூச்சைப் பிடித்து விறைத்துக்கொண்டார். "கண்ணச் சிமிட்டும்மா" என்றேன். ஒரு கண்ணைச் சிமிட்டினார். பெரியம்மா சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்து, படம் கலங்கி, நான்காவது முறை பச்சை டிக் விழுந்தது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கையோடு ஆதார் மையத்துக்குப் போய் மொபைல் எண்ணையும் மாற்றிவிட்டோம். நாங்கள் போனபோது கட்டணம் ஐம்பது ரூபாய்.

2024 அக்டோபர் 5-இல் தவணை விட்டார்கள். இணையதளத்தில் அம்மாவின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் பணம் போய்விட்டது என்கிறது. பாஸ்புக்கில் ஒன்றுமில்லை. வங்கியில் கேட்டால் "எங்களுக்கு வரல". வேளாண் அலுவலகத்தில் கேட்டால் "நாங்க அனுப்பிட்டோம்". இந்த ஒரு கேள்விக்காக அம்மா நாலு நடை நடந்தார், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. நானே வந்து திரையை நிதானமாகப் பார்த்தேன். பணம் ஏறிய கணக்கின் கடைசி எண்கள் அதில் இருந்தன. அம்மாவின் கணக்கு எண் அது இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கிசான் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைத் தேடி வருவதில்லை. ஆதார் எண்ணைத் தேடி வருகிறது. ஆதார் எந்த வங்கியோடு கடைசியாகப் பிணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். அம்மா மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் எப்போதோ ஒரு கணக்குத் திறந்திருக்கிறார். கடன் முடிந்து, பாஸ்புக் எங்கே என்றே தெரியாது. அரிசிப் பானைக்கு அடியில் கிடந்தது. எண்ணைப் பார்த்தால் அதேதான். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. உள்ளே போனால் உங்கள் ஆதார் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை, எங்களுக்குத் தெரியாததால் நாலு நாள் கூலி. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று வங்கியில் சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். கே.ஒய்.சி.க்கு ஆதார் நகல் கொடுத்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். "மானியம் வர்ற மாதிரி என்.பி.சி.ஐ.ல ஏத்தியாச்சா?" என்று கேளுங்கள். எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு அதுதான்.

அதற்கப்புறம் அந்த வம்பே வேண்டாம் என்று தபால்காரரிடம் அஞ்சல் வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, ஆதாரை அதில் பிணைத்துக்கொண்டோம். வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துக் கொடுக்கிறார். வங்கிக்குப் போகும் பஸ் சார்ஜும் அரை நாளும் மிச்சம்.

இணையதளத்தில் உங்கள் நிலையைப் பார்க்கும்போது மூன்று வரிகளை மட்டும் கவனித்தால் போதும்: லேண்ட் சீடிங் (நில விவரம் பொருந்தியதா), இ-கே.ஒய்.சி., ஆதார் பேங்க் சீடிங். மூன்றுக்கும் எதிரில் 'எஸ்' இருக்க வேண்டும். முதலாவது 'நோ' என்றால் வி.ஏ.ஓ.வும் வேளாண் அலுவலகமும், இரண்டாவதுக்கு நீங்களே, மூன்றாவதுக்கு வங்கி. எதற்கு யாரிடம் போவது என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் குறையும். 155261 என்ற உதவி எண்ணும் உண்டு. வாட்ஸ்அப்பில் கிசான் செயலி என்று ஒரு கோப்பு வந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள். அது கணக்கைத் துடைக்கிற வேலை.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் என்று இன்னொன்று வந்தது. ஊரிலேயே முகாம் போட்டார்கள். அம்மா அதை ஒரே நாளில் முடித்துவிட்டார். ஆதார், புது மொபைல் எண், பட்டா எல்லாம் கைவசம் இருந்தன. பக்கத்து வருவாய்க் கிராமத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக ஏறும் என்று விட்டுவிடக்கூடாது. பெரியப்பா அப்படி விட்டுவிட்டு மறுபடி அலைந்தார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் முந்திரிக் கொல்லையை இந்த இரண்டு வருடமாகக் குத்தகைக்குப் பார்ப்பவர் கீழத்தெரு அக்கா. மருந்தடிப்பது, காவல் காப்பது, கொட்டை பொறுக்குவது எல்லாம் அவர். அவருக்கு இந்தப் பணத்தில் ஒரு பைசா கிடையாது, பட்டாவில் பெயர் இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. சென்னையில் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் என் பெயர் பட்டாவில் இருக்கிறது. வரி மட்டும் குறுக்கே வராவிட்டால் அந்த இரண்டாயிரம் எனக்கும் வந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த வருடக் குத்தகையில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார். அந்த அக்காவிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

2025 நவம்பர் 19-ஆம் தேதி, இருபத்தோராவது தவணையைக் கோயம்புத்தூரில் வைத்து விட்டார்கள். அம்மா டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மெசேஜ் என் போனுக்கு வந்தது. சொன்னதும் அம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மல்லாட்டை விதைப்பு நெருங்குகிறது. டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டை 1350. மீதி 650-இல் ஜிப்சம் கொஞ்சம் எடுக்கலாம், ஏர் ஓட்டக் காணாது. 2019-இல் ஆறாயிரம் என்றார்கள், இன்றைக்கும் அதே ஆறாயிரம்தான். விதை விலையும் ஆள் கூலியும் அங்கேயே நிற்கவில்லை.

அந்த வாரம் நான் ஊரில் இருந்தபோது தபால்காரர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மெஷினை எடுத்து நீட்டினார். பணம் எடுக்கவும் விரல்தான். அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துக் கழுவிய கையோடு தயாராக இருந்தார். வலது கை ஐந்தும் போயிற்று. இடது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ஒன்றும் ஆகவில்லை. மோதிர விரலை வைத்ததும் மெஷின் பீப் என்றது. நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட அம்மா, பாஸ்புக்கைத் திறந்து உள் அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"மறந்துடுவன்டா. இதுல எழுதி வை, இடது கை, மோதிர வெரல்."